வண்ணக்கர் கையில் பெட்டி: ‘பொது நம்பிக்கை’ என்ற சொல்லின் பழைய பொருள்

2023 நவம்பர் 14 அன்று இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாட்டின் பொருளாதாரம் நொறுங்கியதற்கு முன்னாள் ஜனாதிபதிகள் இருவர், முன்னாள் நிதியமைச்சர் ஒருவர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உள்ளிட்டோர் பொறுப்பு என்றும், அவர்கள் ‘பொது நம்பிக்கையை’ மீறினார்கள் என்றும் அது கூறியது. ஐந்து நீதியரசர்களில் நால்வர் இதில் ஒன்றுபட்டனர். சிறைத் தண்டனை ஏதும் இல்லை. வழக்குத் தொடுத்தவர்களுக்குச் செலவுப் பணமாக 150,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதோடு தீர்ப்பு நின்றுவிட்டது.

அன்று எழுந்த குழப்பம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் தீரவில்லை. குற்றம் செய்தவர்களை ஏன் உள்ளே போடவில்லை? பொது நம்பிக்கை என்று ஒரு சட்டம் உண்டா? அது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா, நம்முடையதா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற இரண்டுக்கும் பதில் வந்துவிடும்.

தீர்ப்பு எந்த வகை?

அது குற்றவியல் வழக்கு அல்ல. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கு. இந்த வகை வழக்கில், அரசின் அதிகாரம் பெற்றவர் குடிமக்களின் உரிமையை மீறினாரா என்பதே கேள்வி. மீறினார் என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், நட்டஈடோ செலவோ கொடுக்கச் சொல்லலாம். சிறையில் போடுவதற்கு வேறு வழக்கு வேண்டும். அதற்குப் பொலிஸ் விசாரணையும் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரமும் வேண்டும். முதல் கேள்விக்கு இதுதான் பதில். மனம் ஆறாது என்பது உண்மைதான், ஆனால் சட்டம் அப்படி.

இரண்டாவது கேள்வி. ‘பொது நம்பிக்கைச் சட்டம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. அது ஒரு கோட்பாடு. ஆள்பவர் கையில் இருக்கும் அதிகாரம், நிலம், நீர், திறைசேரிப் பணம் எல்லாம் மக்களுக்காக அவர் கையில் ஒப்படைக்கப்பட்டவை. அவர் காப்பாளர், உடைமையாளர் அல்லர். சொத்துக்காரன் தன் காசைக் கடலில் எறியலாம். காப்பாளன் எறிந்தால் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கோட்பாட்டை இலங்கையில் ஆழமாகப் பேசிய தீர்ப்பு 2000ஆம் ஆண்டு ஜூனில் வந்தது. எப்பாவலப் பொஸ்பேற் படிவைத் தனியார் கூட்டுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் சிலர் போட்ட வழக்கு அது. நீதியரசர் அமரசிங்க அந்தத் தீர்ப்பில் ஒரு பழைய உபதேசத்தை எடுத்துக் காட்டினார். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் அன்றைய அரசன் தேவநம்பிய தீசனுக்குச் சொன்னதாக வழங்குவது: வானத்துப் பறவைக்கும் காட்டு விலங்குக்கும் இந்த நிலத்தில் வாழ உன்னளவு உரிமை உண்டு, நிலம் மக்களுக்கும் எல்லா உயிர்களுக்கும் உரியது, நீ அதன் காவலன் மட்டுமே. இதே மரபை நீதியரசர் வீரமந்திரி 1997இல் சர்வதேச நீதிமன்றத்திலும் எடுத்துரைத்திருந்தார், டான்யூப் ஆற்று அணைக்கட்டு வழக்கில்.

ஆக, ‘டிரஸ்ட்’ என்ற சொல் ஆங்கிலச் சட்டத்தின் வழியாக வந்திருக்கலாம். அதன் கருத்து இந்த மண்ணில் முன்பே இருந்தது. எவ்வளவு முன்பே என்பதைக் கிழக்கு மாகாணத்துக் கோயில் ஒன்றின் மண்டபத்திலேயே பார்க்கலாம்.

வண்ணக்கர் என்ற சொல்

மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் சொத்துக்கும் வரவு செலவுக்கும் பொறுப்பானவரை வண்ணக்கர் என்கிறோம். குடிமுறைப்படி தெரிவாகி வருபவர். உண்டியல் பெட்டி அவர் பொறுப்பில், திருவிழா முடிந்தால் கணக்கு ஊரின் முன்னால். இந்தச் சொல் சங்க காலத்தது. வடம வண்ணக்கன் பேரிசாத்தன் என்று ஒரு புலவர் பெயரிலேயே அது இருக்கிறது. அன்றைய வண்ணக்கனின் தொழில் காசு பார்ப்பது, அதாவது கையில் வரும் நாணயம் நல்லதா கள்ளமா என்று சோதிப்பது.

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். காசின் நேர்மையைச் சோதித்தவனின் பெயர், ஊர்ச் சொத்தைக் காப்பவரின் பெயராகக் கிழக்கில் இன்னும் உயிரோடு நிற்கிறது. சொத்து சாமியுடையது. கையாளும் உரிமை வண்ணக்கருக்கு. கேள்வி கேட்கும் உரிமை குடிகளுக்கு. பொது நம்பிக்கைக் கோட்பாட்டின் மூன்று முனைகளும் இதில் அடங்கியிருக்கின்றன.

வரி என்பது காவல் கூலி

அரசன் எப்படி வந்தான் என்று பழைய நூல்கள் சொல்லும் கதைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

கௌடிலியர் எழுதிய பழைய வடமொழி ஆட்சி நூலான அர்த்தசாஸ்திரத்தின் முதல் புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதுபோல் வலியவர் எளியவரை விழுங்கிய காலத்தில், மக்கள் மனுவை அரசனாக்கினார்கள். தானியத்தில் ஆறில் ஒன்றும் வணிகப் பொருளில் பத்தில் ஒன்றும் அவனுக்குப் பங்காகக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக அவன் அவர்களுடைய நலத்துக்கும் காவலுக்கும் பொறுப்பேற்றான்.

பௌத்த மரபின் ‘அக்கஞ்ஞ சுத்தம்’ என்ற உபதேசம் இதையே வயல் வரம்பில் வைத்துச் சொல்கிறது. நெல் நிலத்தை மக்கள் பிரித்து வரம்பு கட்டுகிறார்கள். ஒருவன் தன் பங்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்தவன் பங்கை எடுக்கிறான். சண்டை, பொய், அடி எல்லாம் அதிலிருந்து வருகின்றன. மக்கள் கூடித் தங்களுக்குள் தகுதியான ஒருவரைத் தெரிந்து, ‘தவறு செய்பவனைக் கண்டிக்க நீ பொறுப்பு, எங்கள் நெல்லில் உனக்கு ஒரு பங்கு’ என்று ஒப்பந்தம் செய்கிறார்கள். எல்லோராலும் சம்மதிக்கப்பட்டவன் என்பதால் அவன் பெயர் மகாசம்மதன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்காரர் யாருக்கும் இந்தக் கதை புதிதாக இராது. வட்டை விதானையின் வேலையே இதுதானே. ஒரு வட்டைக்குள், அதாவது ஒரு வயல்வெளிக்குள், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், யாருடைய மாடு யாருடைய வேளாண்மைக்குள் புகுந்தது, வரம்பை யார் வெட்டினார்கள் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பழைய முறையில் அவருக்கு விளைச்சலிலிருந்து ஒரு பங்கு. அந்த நெல்லை அவருக்குச் செய்யும் தானமாக ஒருவரும் நினைத்ததில்லை.

கூலி என்றால் வேலை பிழைத்தால் பொறுப்பும் உண்டு. கௌதம தர்மசூத்திரம் என்ற பழைய அறநூல் இதை நேராகவே சொல்கிறது: களவு போன பொருளை அரசன் மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் தன் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும். காவல் தவறினால் நட்டம் காவல்காரனுக்கு.

சரி, கூலி எவ்வளவு எடுக்கலாம்? இதற்குப் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் போய்ப் பிசிராந்தையார் சொன்ன கணக்கை வெல்லாவெளிப் பக்கத்து விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு மா என்ற சிறு நில அளவுக்கும் குறைந்த நிலத்து நெல்லானாலும் அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தானே புகுந்து உண்டால், ‘வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்’. இரவில் யானை புகுந்த வயலுக்கு விடியற்காலையில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். தின்ற இடம் கொஞ்சமாக இருக்கும். கால் பதிந்த குழிகளில் தண்ணீர் தேங்கி, கதிர் சேற்றோடு சேர்ந்து படுத்துக் கிடக்கும். புலவர் பேசுவது வரியின் அளவை மட்டுமன்று. முறையறியாத அரசனும் அவனைச் சூழ்ந்த கூட்டமும் நாட்டுக்குள் இறங்கும்போது உண்டாகும் நாசத்தை. எடுத்தது ஒரு பங்கு என்றால் கெடுத்தது பல பங்கு.

நான்கு வினைச்சொற்கள்

ஓர் அரசு எவற்றால் ஆனது? கௌடிலியர் ஏழு உறுப்புகளைச் சொல்கிறார்: அரசன், அமைச்சர், நாடும் மக்களும், அரண், கருவூலம், படை, நட்பு நாடு. வள்ளுவரும் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்று ஆறை எண்ணி, அவற்றை உடையவனை அரசருள் ஏறு என்கிறார். பட்டியல் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நிதி நிர்வாகத்துக்கு வள்ளுவர் தரும் ஒன்றேமுக்கால் அடிக்கு இணையாக இவ்வளவு சுருக்கமான வரையறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை:

இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்ல தரசு.

இந்த நான்கையும் 2019 முதல் 2022 வரை நடந்தவற்றோடு வைத்துப் பார்ப்போம்.

1. இயற்றல்: பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்தார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இடையில் பெரும்போகத்துக்கு விதைக்கும் காலம் வந்துவிட்டது. நெல் என்ற வழியே அடைபட்டது.

2. ஈட்டல்: வர வேண்டியதைச் சேர்ப்பது. 2019 இறுதியில் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். திறைசேரிக்கு வரவு விழுந்தது. மக்களுக்கு அப்போது அது சலுகையாகத்தான் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

3. காத்தல்: 2019 முடிவில் 760 கோடி டொலரளவில் இருந்த வெளிநாட்டு நாணய ஒதுக்கில், 2022 நடுப்பகுதியில் எடுத்துச் செலவிடக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ரூபாயின் மதிப்பைச் செயற்கையாகப் பிடித்து வைப்பதிலும் அது கரைந்தது.

4. வகுத்தல்: இருப்பதை எதற்கு முதலில் என்று பிரிப்பது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த 2022 ஜனவரி 18இல், முதிர்ந்த பிணைமுறிகளுக்கு 50 கோடி டொலர் செலுத்தப்பட்டது. மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 12இல், இனிக் கடன் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

நீதிமன்றம் தொட்ட விடயங்களில் வரிக் குறைப்பும், ரூபாயைப் பிடித்து வைத்ததும், இந்தக் கொடுப்பனவும், சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தாமதித்ததும் உண்டு. கொள்கை பிழைப்பது எந்த அரசுக்கும் நேரும். அது மட்டும் நம்பிக்கை மீறல் ஆகாது. எச்சரிக்கைகள் முன்னால் இருக்க, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் மீறலாக ஆனது. பழைய நூல்களும் அதே இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன.

நல்லவர் வந்தால் போதுமா?

தேர்தல் காலத்தில் நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, ‘ஆள் நல்லவர், கை சுத்தம்’ என்பது. பழைய நூல்கள் அதோடு நிற்கவில்லை. நல்லவனாக இரு என்று சொல்லிவிட்டு, கெட்டவனாகிவிட்டால் கண்டுபிடிக்க வழியும் செய்து வைத்தன.

நாக்கில் வைத்த தேனைச் சுவைக்காமல் இருக்க முடியாது, அரசன் பணத்தைக் கையாள்பவனும் அப்படியே என்கிறார் கௌடிலியர். நீருக்குள் திரியும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று அறிய முடியாது, பணத்துக்குள் திரியும் அதிகாரியும் அப்படியே என்கிறார். சொல்லிவிட்டுக் கைவிரிக்கவில்லை. அரசுப் பணத்தைக் கையாடும் வழிகளை நாற்பது என எண்ணி எழுதுகிறார். வந்ததை வரவில்லை என்று எழுதுவது, முன்பு வந்ததைப் பின்பு வந்ததாக எழுதுவது, ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் பேரில் எழுதுவது என்று பட்டியல் போகிறது. ஆஷாட (ஆனி-ஆடி) மாதத்தில் கணக்கர்கள் முத்திரையிட்ட ஏடுகளோடு வந்து சேர வேண்டும். வந்ததும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாதபடி வைக்க வேண்டும் என்பது விதி. இன்றைய கணக்காய்வாளர் ஒருவர் இதைப் படித்தால் தன் தொழிலின் பூட்டன் யார் என்று தெரிந்துகொள்வார். கையாடலைக் காட்டிக் கொடுப்பவருக்கு மீட்ட தொகையில் ஆறில் ஒன்று. அரசனுடைய காவல் கூலியும் அதே ஆறில் ஒன்று. களவைச் சொன்ன குடிமகனும் அந்த அளவில் காவல் வேலை பார்த்தவன்தான்.

பதவி கொடுக்கும் முன் சோதனை வேண்டும் என்பதிலும் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. ‘அறம்பொருள் இன்பம் உயிரச்சம்’ என்ற நான்கினாலும் ஒருவனை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்கிறது குறள். அர்த்தசாஸ்திரத்தில் அமைச்சரைச் சோதிக்கும் முறைகளும் இவையே.

அப்புறம், இடித்துச் சொல்பவர்கள்.

இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானுங் கெடும்.

பகைவன் தேவையில்லை, தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தானே கெடுவான். பசளைத் தடையின்போது விவசாய அறிஞர்கள் எழுத்திலும் பேச்சிலும் எச்சரித்தார்கள். ஆகவே இடிப்பார் இல்லாமல் இல்லை. கேட்கும் காது இல்லை.

அசோகர் ஒரு படி மேலே போனார். கலிங்கத்தில், இன்றைய ஒடிசாவின் தௌலிப் பாறையில், தோசலி நகர அதிகாரிகளுக்கு அவர் வெட்டிவைத்த கட்டளையில், காரணமில்லாமல் ஒருவரும் சிறைப்படவோ துன்பப்படவோ கூடாது என்று வருகிறது. நீதி பிழைப்பதற்கான காரணங்களையும் எண்ணிச் சொல்கிறது: பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், விடாமுயற்சியின்மை, சோம்பல், களைப்பு. கடைசி இரண்டையும் படிக்கும்போது, கந்தோர் ஜன்னலுக்கு வெளியே பைலோடு நிற்கும் ஒரு விதவைத் தாயின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கொடுமைக்காரர் ஒருவரும் இல்லாமலே, சோம்பலாலும் களைப்பாலும் மட்டும் ஒரு குடும்பத்தின் காணி உறுதி பத்து வருடம் கிடப்பில் கிடக்கலாம். அசோகர் இந்தக் கட்டளையைக் குறித்த நட்சத்திர நாட்களில் வாசித்துக் கேட்க வேண்டும் என்றும் விதித்தார்.

அம்மன் கோயிலில் ஒரு வழக்கு

ஆள்வோரின் பொறுப்பைக் கிழக்கு மக்கள் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை, கோயிலில் கேட்டிருக்கிறார்கள். வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கும். அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். பெயரைக் கவனியுங்கள், வழக்குரை. குடிமகள் ஒருத்தி அரசனின் மேல் தொடுத்த வழக்கை ஊர் கூடிக் கேட்கிறது, சடங்கின் முடிவில் நடக்கும் குளிர்த்தியில் அவள் கோபத்தை ஆற்றுகிறது.

இந்தக் கதையின் மூலமான சிலப்பதிகாரத்தை ஆட்சி முறையின் கண்ணால் படித்தால், பாண்டியன் கெட்டவனாகவே தெரியமாட்டான். அவன் ஊடல் கொண்ட தேவியைத் தேற்றப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் ஒரு வார்த்தை சொல்கிறான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறான். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அசோகர் எண்ணிய காரணங்களில் ஒன்றுதான் இங்கே வேலை செய்தது: அவசரம்.

அதனால்தான் கண்ணகி அவனைக் ‘கொடியவனே’ என்று கூப்பிடவில்லை. ‘தேரா மன்னா’ என்கிறாள். ஆராயாத அரசனே என்பது குற்றச்சாட்டின் தலைப்பு. அடுத்து நடப்பது ஒழுங்கான விசாரணை. தன் சிலம்பில் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் முத்து என்று அரசனே வாக்குமூலம் தருகிறான். சான்றுப் பொருளை அவனே வரவழைத்து வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று தீர்ப்பையும் அவனே சொல்லி விழுகிறான்.

குற்றம் ஒரு பொற்கொல்லனுடையது, வெட்டியது ஒரு காவலாள். ஆனாலும் ‘கீழே உள்ளவர்கள் செய்த பிழை’ என்று பாண்டியன் ஒதுங்கவில்லை. சந்திக்க வந்தவளை வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவும் இல்லை. நம் காலத்தில் எத்தனை தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வாயிலிலேயே நிற்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்த வாயில் திறந்த காட்சி நெஞ்சைச் சுடுகிறது.

பழைய நூல்கள் தராதவை

இந்த நூல்களை அப்படியே எடுத்து இன்றைக்கு வைக்க முடியாது. அர்த்தசாஸ்திரத்தில் ஒரே குற்றத்துக்கு வர்ணத்துக்கு ஏற்பத் தண்டனை மாறும். கருவூலம் காலியானால் தெய்வ அற்புதம் நடந்ததாகக் காட்டி மக்களிடம் பணம் திரட்டும் உபாயங்களையும் அது சொல்லித் தருகிறது. துறவி வேடத்து ஒற்றர் நாடெங்கும் திரிவர். மக்களின் சுகமே அரசனின் சுகம் என்று எழுதிய அதே நூல்தான் இது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நல்ல வரியை மட்டும் பிய்த்து மேடையில் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பெரிய குறை வேறு. அரசன் பிழைத்தால் அவனை இறக்கும் வழி இந்த நூல்களில் ஒழுங்காக இல்லை. அல்லற்பட்ட மக்களின் கண்ணீரே செல்வத்தைத் தேய்க்கும் படை என்று வள்ளுவர் சொல்வது மிகப் பெரிய எச்சரிக்கைதான், ஆனால் அது ஒரு நடைமுறை ஆகாது. 2022 ஜூலையில் அந்தக் கண்ணீர் கொழும்பு வீதிக்கு வந்தபோது ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். வாக்குச் சீட்டும், நீதிமன்றமும், தகவல் அறியும் உரிமையும் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. 2023 தீர்ப்பு அந்த நிரப்பலில் ஒரு கல். ‘செலவுப் பணம் மட்டும்தானா’ என்ற மனக்குறைக்கான வேலை இனிச் சட்டமா அதிபர் பக்கத்திலும் பாராளுமன்றத்திலும் இருக்கிறது.

கல்லோயா இடதுகரை, 1981

பொதுச் சொத்தைக் குடிகளே காப்பாளராக நின்று பார்த்த ஒரு கதை நம் பக்கத்திலேயே உண்டு. அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியது. அதன் பெருங்குளம் சேனாநாயக்க சமுத்திரம். குடியேற்றம் சார்ந்த கசப்பும், தமிழருக்கு எதிரான 1956 ஜூன் வன்முறையும் அந்தப் பள்ளத்தாக்கின் நினைவில் இருக்கின்றன. இடதுகரை வாய்க்காலின் மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகள். தண்ணீர் கடைசிக்கு வராது.

1981 தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை ஒருங்கிணைப்பாளர்களாக இடதுகரைக்கு அனுப்பின. அவர்கள் உத்தரவு போடவில்லை. வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப் பேசினார்கள். ஒவ்வொரு குழுவும் வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோரும் ஒப்பும்படி ஒரு பிரதிநிதியைத் தெரிந்தது. சம்பளம் கிடையாது. குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் மாற்றலாம்.

1981 சிறுபோகத்துக்கு முன் குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. மேல்பகுதிக் குழுக்கள் சிரமதானத்தில் வாய்க்காலைத் துப்புரவாக்கின, முறை வைத்துப் பாய்ச்சின. முறை வைத்ததில் மிஞ்சிய தண்ணீரை மேல் வயல்களில் விட்டுக்கொள்ளாமல் கீழே போக விட்டார்கள். கீழே இருப்பவர் எந்த மொழி பேசுகிறார் என்று பார்க்கவில்லை. பல போகங்களாக நீர் எட்டாதிருந்த கடைசி வயல்கள் சிலவற்றுக்கும் அந்தப் போகத்தில் தண்ணீர் போனது.